வாசிக்கத் திணறும் பிள்ளையும், சரளமாக வாசித்தும் பொருள் புரியாத பிள்ளையும்: மூளையில் இவை இரண்டும் ஒன்றா?

வகுப்பறை_ஜன்னல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஆறாம் வகுப்புக்குத் தமிழும் சமூக அறிவியலும் கற்பிக்கிறேன். மூளை அறிவியலிலும் மொழிச் சிகிச்சையிலும் பயிற்சி பெற்றவர்கள் இங்கே இருப்பதால், என் வகுப்புப் பிள்ளைகள் இருவரைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன்.

முதலாவது பிள்ளை ஒரு பையன். 'கொக்கு' என்ற சொல்லைக் கண்டால் 'கெ' என்று தொடங்குகிறான்; அடுத்து நிற்கும் துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொண்டு 'கெர' என்று சொல்லி நின்றுவிடுகிறான். ஒரு பத்தியை முடிப்பதற்குள் அவன் நெற்றியில் வியர்வை துளிர்த்துவிடும். ஆனால் அதே பாடத்தை நான் வாசித்துக் காட்டினால் வகுப்பிலேயே கூர்மையான கேள்வி அவனிடமிருந்துதான் வரும். கொற்கையில் முத்துக்குளித்ததைப் பற்றி வாசித்தபோது, "மூச்சு முட்டுனா கயித்த இழுத்துக் காட்டுவாங்களா டீச்சர்?" என்று கேட்டவன் அவன்தான்.

இரண்டாவது பிள்ளை ஒரு பெண். தடங்கலின்றி, ஏற்ற இறக்கத்துடன் வாசிப்பாள். ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசிக்கவும் அவளையே நிறுத்துவோம். ஆனால் "மேகம் கறுத்தது. பொன்னன் முற்றத்தில் காயவைத்திருந்த நெல்லை அவசரமாக அள்ளினான்" என்ற இரண்டு வரிகளை வாசித்தபின், "ஏன் அவசரப்பட்டான்?" என்று கேட்டால், "நெல்லை அள்ளினான்" என்று அந்த வரியையே திருப்பிச் சொல்கிறாள்.

இருவர் பெயரையும் 'கற்றல் குறைபாடு' என்ற ஒரே பட்டியலில் எழுதி, ஒரே சிறப்பு வகுப்புக்கு அனுப்புகிறார்கள். அங்கே இருவருக்கும் எழுத்து அட்டைகளைக் காட்டிப் பயிற்சி தருகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு எழுத்து அட்டை எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை. இவர்கள் இருவருக்கும் மூளையில் இருப்பது ஒரே சிக்கல்தானா?

நரம்பிழை எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். இவை வேறு வேறு தடைகள். நீங்கள் இருவரையும் பிரித்துப் பார்த்த விதமே அதற்கான சரியான தொடக்கம். நான் மூளைப் படமெடுப்பு ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறேன். இதுவரை தெளிவாகத் தெரியவந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

1986இல் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் எளிய சமன்பாட்டை முன்வைத்தார்கள். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக மாற்றும் திறன் ஒன்று. காதால் கேட்கும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. வாசித்துப் புரிந்துகொள்வது இவ்விரண்டின் பெருக்குத்தொகை. அவர்கள் கூட்டலை விட்டுப் பெருக்கலைத் தேர்ந்தெடுத்ததில்தான் கருத்து இருக்கிறது. இரண்டில் எது பூஜ்யத்தை நெருங்கினாலும், மற்றது எவ்வளவு உயர்ந்திருந்தாலும் விடை பூஜ்யத்தையே நெருங்கும். உங்கள் மாணவனுக்கு முதல் எண் சிறியது, மாணவிக்கு இரண்டாவது எண் சிறியது. தேர்வுத்தாளில் இருவருக்கும் ஒரே மதிப்பெண் வருவதால்தான் அவர்கள் ஒரே பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள்.

இனி மூளைக்கு வருகிறேன். 1887இல் பிரான்சில், ஓய்வுபெற்ற துணி வணிகர் ஒருவருக்கு ஒரு நாள் திடீரென்று எழுத்துகள் வாசிக்க இயலாதவையாகிவிட்டன. பேச்சு குன்றவில்லை. பிறர் சொல்லச் சொல்ல எழுதவும் முடிந்தது. ஆனால் எழுதி முடித்ததை அவராலேயே வாசிக்க முடியவில்லை. அவரைத் தொடர்ந்து கவனித்த நரம்பியல் மருத்துவர் ஜூல் தெஜெரின், 1892இல் அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தார். மூளையின் பின்புறத்தில் உள்ள இடப்பக்கப் பிடரி மடலிலும், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கட்டின் பின்முனையிலும் சேதம் இருந்ததைக் கண்டார். கண்ணில் விழுந்த எழுத்து, மொழி இருக்கும் இடத்துக்குச் செல்லும் வழி அறுந்திருந்தது. நூறாண்டுக்கும் மேலாகி, 2000ஆம் ஆண்டில், லோரன் கோயன், ஸ்தானிஸ்லாஸ் டெஹான் குழுவினர் அதே வட்டாரத்தில், இடப்பக்கப் பிடரி மடலும் காதை ஒட்டிய பொட்டு மடலும் சந்திக்கும் அடிப்பகுதியில், எழுத்துகளால் ஆன சொற்களுக்குச் சிறப்பாக எதிர்வினையாற்றும் ஒரு பகுதியை அடையாளம் காட்டி, அதைச் சொல்வடிவப் பகுதி என்று அழைத்தார்கள். நாம் பழகிய ஒரு சொல்லைப் பார்த்ததும், ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரம் கழிவதற்குள் அது விழித்துக்கொள்கிறது.

யாரும் அந்தப் பகுதியோடு தயார் நிலையில் பிறப்பதில்லை. எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஆகிறது. வாசிப்புக்கென்று தனி உறுப்பு ஒன்று மூளையில் உருவாகிவர அந்தக் காலம் போதாது. முகம், பொருள், கோடு, மூலை ஆகியவற்றை அறியும் மூளைப் புறணியின், அதாவது மூளையின் மேலடுக்கின், ஒரு துண்டைத்தான் பள்ளிக்கூடம் எழுத்துக்கு ஒதுக்கிக்கொடுக்கிறது. அப்படி ஒதுக்கப்படுவதற்கு, அந்தத் துண்டு காதுக்கு மேலும் பின்னும் உள்ள ஒலிப் பகுதிகளோடும், நெற்றியின் இடப்பக்கத்தில் உள்ள பேச்சுப் பகுதியோடும் விரைவாக உரையாட வேண்டும். உங்கள் மாணவனிடம் காண்பது போல, எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்குவதில் வரும் தடையை டிஸ்லெக்சியா என்கிறோம்; அது உள்ளவர்களிடம் இந்த உரையாடல்தான் தளர்ந்திருக்கிறது. 1998இல் யேல் பல்கலைக்கழகத்தின் சாலி ஷேவிட்ஸ், பென்னட் ஷேவிட்ஸ் குழுவினர், டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்களுக்கு ஒலிகளை ஒப்பிடும் பணிகளைக் கொடுத்து மூளையைப் படமெடுத்தபோது, பின்பக்கப் பகுதிகளின் செயல்பாடு குறைந்தும் முன்பக்கப் பகுதிகளின் செயல்பாடு கூடியும் இருந்தன. 2001இல் இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து ஆகிய மூன்று நாட்டினரை ஒப்பிட்ட எரால்டோ பவுலேசு குழுவினரும் இடப்பக்கப் பொட்டு மடலில் ஒரே வகையான குறைவைக் கண்டார்கள்.

உங்கள் மாணவி வேறு வகை. 2013இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் லாரி கட்டிங் குழுவினர், சரளமாக வாசித்தும் பொருள் புரியாத பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். டிஸ்லெக்சியா பிள்ளைகளிடம் மாறுபட்டிருந்த அந்தப் பிடரி–பொட்டுப் பகுதி இவர்களிடம் இயல்பாகவே இருந்தது. அதிகம் புழங்காத சொற்களைச் சந்தித்தபோது, இடப்பக்க முன் மடலின் கீழ்ப்பகுதிக்கும், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் வட்டாரத்துக்கும் இடையிலான தொடர்பில்தான் வேறுபாடு தெரிந்தது. எழுத்து சொல்லாக மாறிவிடுகிறது; அந்தச் சொல் தன் பொருளையும், ஏற்கெனவே அறிந்தவற்றையும் எழுப்பிக்கொண்டு வருவதில்தான் தடை. இந்தப் பிள்ளைக்கு எழுத்து அட்டை காட்டுவது வீண்வேலை என்ற உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது.

ஐயனார்_கோவில்_தெரு எழுதியது:

நல்ல விளக்கம். ஆயினும் ஓர் அடிப்படைக் கேள்வி எழுகிறது. பத்து ஆண்டுகள் குறைவாக வாசித்த ஒருவருடைய வாசிப்புப் பகுதி குறைவாக வளர்ந்திருப்பதில் வியப்பு என்ன? பளு தூக்காதவருடைய தோள் மெலிந்திருப்பதைப் பார்த்து, தோள் மெலிந்ததால்தான் அவர் பளு தூக்கவில்லை என்று சொன்னால் அது தலைகீழான தர்க்கம். படம் காட்டுவது காரணத்தையா, விளைவையா என்று பிரித்தறியாமல் 'மூளைச் சிக்கல்' என்று முத்திரை குத்துவது பிள்ளைக்குக் கேடு செய்யும் என்பதே என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் எழுதியபடியே ஒலிக்கிறோம். ஆங்கிலத்தின் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள குழப்பம் நமக்கு இல்லை. டிஸ்லெக்சியா என்பது ஆங்கிலம் படிப்பவர்களின் நோய் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். அது உண்மையா?

நரம்பிழை எழுதியது:

இந்தத் துறையில் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி இதுதான். இதைக் கேளாமல் விட்டதால் பல ஆண்டுகள் வீணாகியிருக்கின்றன.

அசைவை உணரும் பார்வைப் பகுதியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்லெக்சியா உள்ளவர்களிடம் அந்தப் பகுதி மந்தமாக இருப்பதாகத் தொண்ணூறுகளில் ஆய்வுகள் வந்தன. பார்வைக் கோளாறே வாசிப்புக் கோளாறுக்குக் காரணம் என்ற கோட்பாடு அதன்மேல் எழுந்தது. 2013இல் கினிவ்ரா ஈடன் குழுவினர் அதைச் சரியான முறையில் சோதித்தார்கள். டிஸ்லெக்சியா பிள்ளைகளை ஒத்த வயதினரோடு மட்டுமல்லாமல், ஒத்த வாசிப்பு நிலையில் இருந்த இளைய பிள்ளைகளோடும் ஒப்பிட்டார்கள். இரண்டாவது ஒப்பீட்டில் வேறுபாடு மறைந்துவிட்டது. மேலும், ஒலி அடிப்படையிலான வாசிப்புப் பயிற்சிக்குப் பிறகு, பார்வைக்கென்று எந்தப் பயிற்சியும் தராமலேயே, அந்த அசைவுப் பகுதியின் செயல்பாடு கூடியது. அந்த ஒன்றில் உங்கள் தர்க்கமே வென்றது: அது விளைவு.

ஆனால் எல்லாமே விளைவு அல்ல. ஃபின்லாந்தின் யுவாஸ்குலா நகரில், பெற்றோருக்கு டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளைப் பிறந்த சில நாட்களிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். பேச்சொலிகளைக் கேட்கும்போது தலையில் பதிவாகும் மின்னலைகள், அந்தப் பச்சிளம் பருவத்திலேயே மற்றக் குழந்தைகளிடமிருந்து வேறுபட்டன. 2012இல் நாடின் காப் ஆய்வகத்தினர், இன்னும் எழுத்துப் பழகாத, குடும்பத்தில் டிஸ்லெக்சியா வரலாறு உள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளைப் படமெடுத்தார்கள். ஒலிகளை ஒப்பிடும் பணியின்போது, பின்னாளில் வாசிப்புக்கு வேண்டிய பகுதிகள் அப்போதே குறைவாக இயங்கின. வாசிக்காததால் மூளை அப்படி ஆயிற்று என்ற விளக்கம், இன்னும் வாசிக்கத் தொடங்காத பிள்ளைக்குப் பொருந்தாது.

மரபுக்கூறும் இதில் உண்டு. 2022இல் வெளிவந்த மிகப்பெரிய மரபணு ஆய்வு, டிஸ்லெக்சியா இருப்பதாகத் தெரிவித்த 50,000க்கும் மேற்பட்டவர்களைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மற்றவர்களோடு ஒப்பிட்டு, மரபணுத் தொகுதியில் இதோடு தொடர்புடைய 42 இடங்களை அடையாளம் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. 'டிஸ்லெக்சியா மரபணு' என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. 1985இல் ஆல்பர்ட் கலபுர்தா, டிஸ்லெக்சியா உள்ள நான்கு ஆண்களின் மூளைகளை இறப்புக்குப்பின் ஆராய்ந்து, கருவில் நரம்பணுக்கள் இடம்பெயரும்போது வழிதவறித் தங்கிய சிறு திட்டுகளைக் கண்டார். நான்கே மூளைகள் என்பதால் அதன்மேல் நான் அதிகம் கட்ட மாட்டேன். ஆனால் சிக்கலின் வேர் பள்ளிக்கு முந்தியது என்ற எண்ணத்துக்கு அது வித்திட்டது.

மொழியைப் பற்றி: எழுதியபடி ஒலிக்கும் மொழிகளில் டிஸ்லெக்சியா உண்டு, அதன் தோற்றம்தான் மாறுகிறது. ஆங்கிலத்தில் அது பிழையாகத் தெரியும். இத்தாலியிலும் ஜெர்மனிலும் பிழை குறைவு, வேகமின்மைதான் அடையாளம். பவுலேசு ஆராய்ந்த இத்தாலியர்கள் ஆங்கிலேயர்களையும் பிரெஞ்சுக்காரர்களையும்விடத் துல்லியமாக வாசித்தார்கள். ஆனால் ஒலிகளைக் கையாளும் சோதனைகளில் அவர்களும் அதே அளவு தடுமாறினார்கள். 1999இல் பதிவான ஒரு நிகழ்வு இன்னும் வியப்பானது. ஜப்பானில் வளர்ந்த, ஆங்கிலம் பேசும் பெற்றோரின் மகனுக்கு வயது 16. அவனுக்கு ஆங்கிலத்தில் மட்டும் கடுமையான டிஸ்லெக்சியா. ஜப்பானிய எழுத்துகளை அவன் தன் வயதினருக்குக் குறையாமல் வாசித்தான். ஆகவே தமிழில் மட்டும் படிக்கும் பிள்ளை, எழுத்தறிந்தும் நான்காம் ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டியே நகர்ந்துகொண்டிருந்தால், 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடக் கூடாது.

மல்லிப்பந்தல் எழுதியது:

நான் ஒரு தாய். என் மகன் மூன்றாம் வகுப்பு. ஆசிரியை சொன்ன அந்தப் பையனைப் போலவே திணறுகிறான். ஒரு பயிற்சி மையத்தில், கண்ணின் தசை பலவீனம் என்று சொல்லி, நிறக் கண்ணாடியும் கண் பயிற்சியும் கொடுத்தார்கள். மாதாமாதம் பெருந்தொகை கட்டினோம். என் மகன் பொறுமையாக எல்லாவற்றையும் செய்தான்; வாசிப்பில் எந்த மாற்றமும் இல்லை. இப்போது அங்கேயே மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். நரம்பிழை ஐயா சொல்வதைப் பார்த்தால் ஸ்கேனில் தெரியும் போலிருக்கிறது. எடுக்கலாமா?

நரம்பிழை எழுதியது:

எடுக்க வேண்டாம், அம்மா. நான் மேலே சொன்னவை எல்லாம், பலரைக் கொண்ட ஒரு குழுவின் சராசரியை இன்னொரு குழுவின் சராசரியோடு ஒப்பிட்டுக் கண்டவை. தனியொரு பிள்ளையின் படத்தைப் பார்த்து, இவனுக்கு டிஸ்லெக்சியா உண்டு அல்லது இல்லை என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. வலிப்பு, தலையில் அடி, திடீரென்று இழந்த திறன் போன்ற வேறு காரணம் இருந்து மருத்துவர் கேட்டால் அது வேறு. வாசிப்புச் சிக்கலைக் கண்டறிவதற்கு வாசிப்பையும் மொழியையும் சோதித்தால் போதும்.

அறிவுத்திறன் எண்ணைக் காரணம் காட்டி யாராவது உதவி மறுத்தால் அதையும் ஏற்காதீர்கள். 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை அந்த எண் உயர்ந்தவர்கள், தாழ்ந்தவர்கள் என்று பிரித்துப் பார்த்தது. ஒலிப் பணியின்போது இரு சாராரின் மூளையிலும் ஒரே வகையான குறைவே தெரிந்தது.

இமைப்பொழுது எழுதியது:

நான் கண் மருத்துவர் என்பதால் ஒரு விளக்கம் தர வேண்டியது கடமை. இந்தச் சிக்கலை முதலில் விவரித்தவர்களில் பலர் எங்கள் துறையினர். 'டிஸ்லெக்சியா' என்ற பெயரை 1887இல் வைத்த ருடால்ஃப் பெர்லின் ஜெர்மானியக் கண் மருத்துவர். கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட்டும் கண் அறுவை மருத்துவரே. வாசிக்கத் திணறியவர்கள் முதலில் கண் மருத்துவரிடம் வந்ததுதான் இதற்குக் காரணம். அவர்களே கண்ணைச் சோதித்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறது, சிக்கல் மூளையில் என்று எழுதினார்கள்.

2009இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, நிறக் கண்ணாடி, நிறத்தாள், கண் பயிற்சி ஆகியவை டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யும் என்பதற்குச் சான்று இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. பார்வைக் குறைபாடு இருந்தால் சாதாரணக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். செவித்திறனையும் சோதிக்க வேண்டும். அதற்கு மேல் கண்ணுக்கென்று பணம் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணமும், அதைவிட மேலாக அந்தப் பையனின் பொறுமையும், வாசிப்புப் பயிற்சிக்குச் சேர வேண்டியவை.

நாநுனி எழுதியது:

நான் பேச்சு–மொழிச் சிகிச்சையாளர். ஆசிரியை காட்டிய 'கெர' என்ற அந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். தமிழ் எழுத்து ஒரு பிள்ளையின் மூளையிடம் என்ன கேட்கிறது என்பதை அது அப்படியே காட்டுகிறது.

'கொ' என்பதை வாசிக்க, கண் முதலில் ஒற்றைக்கொம்பைச் சந்திக்கிறது, பிறகு 'க', பிறகு துணைக்கால். ஆனால் ஒலியில் முதலில் வருவது 'க்'. அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு குறிகளும் சேர்ந்து ஒரே உயிரொலி. மூன்று துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து ஓர் அசையாக்கும்வரை எதையும் உச்சரிக்கக் கூடாது. துணைக்கால் பல அச்சுகளில் 'ர'வைப் போலவே இருப்பதால் தடுமாற்றம் கூடுகிறது. அந்தப் பையன் கண்ணில் பட்ட வரிசையிலேயே ஒலிக்கிறான். அவன் பிழையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 247 எழுத்துகள் என்று எண்ணிக்கையைச் சொல்லி அச்சுறுத்துவதைவிட, இந்தக் குறிகள் எப்படிச் சேர்கின்றன என்பதைக் கற்பிப்பதே அவனுக்கு உதவும். கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இத்தகைய எழுத்துமுறைகளில் எழுத்தறிவு முதல் இரண்டு வகுப்புகளோடு முடிவதில்லை, நான்காம் வகுப்பு வரைகூட வளர்ந்துகொண்டிருக்கிறது என்று காட்டியிருக்கிறார். நம் பள்ளிகளோ முதல் வகுப்பிலேயே உயிர்மெய் வரிசையை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் செய்வது இதுதான். முதலில் காதுக்கு மட்டும் விளையாட்டு: 'பலகை' என்பதில் 'ப'வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? 'மரம்' என்பதன் கடைசி ஒலி எது? அது நன்றாக வந்தபின், ஒலியையும் குறியையும் இணைத்து, காந்த எழுத்துகளை மேசையில் நகர்த்தி, பிள்ளையே 'க'வுக்கு முன் கொம்பையும் பின் காலையும் வைத்துப் பார்ப்பது. பிறகு அதே குறிகள் வரும் சிறு வாசகங்களைத் திரும்பத் திரும்ப வாய்விட்டு வாசிப்பது. நாளுக்குச் சிறிது நேரம், ஆனால் விடாமல்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. அவளை வாசிக்கச் சொல்லாமல், நீங்களே வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். கேட்டும் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்தில் இல்லை என்பது உறுதி. அதன்பின் இன்னொரு படியும் நமக்கு அவசியம். அதே செய்தியைப் பேச்சுத் தமிழில், வீட்டில் சொல்வது போலச் சொல்லிக் கேள்வி கேளுங்கள். நம் பிள்ளைகள் பேசும் தமிழும் பாடநூலின் தமிழும் வெகுதூரத்தில் இருக்கின்றன. 'வந்துட்டிருக்கான்' என்று பேசும் பிள்ளை 'வந்துகொண்டிருக்கிறான்' என்பதை எழுத்தில்தான் முதலில் சந்திக்கிறது. வீட்டில் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டப்படாத பிள்ளைக்குப் பாடநூல் மொழி பாதி அயல்மொழி. ஆங்கிலவழிப் பிள்ளைகளில் பலருக்கு அது முழு அயல்மொழி; ஒலிப்புமுறையை நன்றாகக் கற்று, ஒரு சொல்லின் பொருளும் தெரியாமல் பக்கம் பக்கமாக வாசிப்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அவர்களை மூளைக் குறைபாட்டுப் பட்டியலில் சேர்ப்பது பெரும் அநீதி.

பேச்சுத் தமிழில் சொல்லியும் புரியவில்லை என்றால், மொழி வளர்ச்சிக் குறைபாடு இருக்கிறதா என்று முழுமையாகச் சோதிக்க வேண்டும்.

இருபதாம்_பக்கம் எழுதியது:

எனக்கு முப்பது கடந்துவிட்டது. நான் இந்த இழையை முழுவதும் வாசித்து முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. சில பதிவுகளைக் கைபேசியை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கு டிஸ்லெக்சியா இருப்பது கல்லூரிக் காலத்தில்தான் தெரிந்தது. அதுவரை சோம்பேறி என்ற பெயர்தான்.

வாசிக்கும்போது எழுத்து நகர்வதாகவோ தலைகீழாகத் தெரிவதாகவோ எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துவிடும், அவ்வளவுதான். முழு உழைப்பும் சொல்லைக் கண்டுபிடிப்பதிலேயே தீர்ந்துவிடுவதால் பொருளுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே பள்ளியில் என்னையும் 'புரியாத பிள்ளை' என்றுதான் சொன்னார்கள். யாராவது வாசித்துக் காட்டி என்னிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பெரியவனான பிறகு இது மாறுமா என்பது என் கேள்வி.

நரம்பிழை எழுதியது:

நீங்கள் எழுதியது இந்த இழைக்கு மிகவும் தேவையானது, நண்பரே. டிஸ்லெக்சியாவால் வரும் புரியாமைக்கும், மொழியால் வரும் புரியாமைக்கும் உள்ள வேறுபாட்டை உள்ளிருந்து சொல்லியிருக்கிறீர்கள். எழுத்து தலைகீழாகத் தெரிவது என்ற எண்ணம் 1925இல் சாமுவேல் ஆர்ட்டன் முன்வைத்த விளக்கத்திலிருந்து பரவியது. சிறு பிள்ளைகள் பலரும் எழுத்தைத் திருப்பி எழுதுவார்கள்; அது மட்டுமே டிஸ்லெக்சியாவின் அடையாளம் ஆகாது.

மாற்றம் நிகழ்கிறது. 2004இல் ஈடன் குழுவினர் டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்களுக்கு 8 வாரம் ஒலிப் பயிற்சி தந்தபோது, வாசிப்பும் முன்னேறியது, மூளையின் இடப்பக்கப் பகுதிகளோடு வலப்பக்கப் பகுதிகளும் கூடுதலாக இயங்கின. 2009இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் திமோதி கெல்லர், மார்செல் ஜஸ்ட் இருவரும், 8 முதல் 10 வயதுவரையுள்ள பின்தங்கிய பிள்ளைகளுக்கு 100 மணி நேரம் தீவிர வாசிப்புப் பயிற்சி தந்தபின், இடப்பக்க முன் மூளையின் வெண்பொருள் இழைகள், அதாவது மூளைப் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகள், அளவிடத்தக்க வகையில் சீரடைந்ததைக் காட்டினார்கள். நம் நாட்டிலும், லக்னோவுக்கு அருகேயுள்ள கிராமங்களில், எழுத்தறியாத பெரியவர்களுக்கு 6 மாதம் இந்தி எழுத்துக் கற்பித்து மூளையைப் படமெடுத்திருக்கிறார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வு, எழுத்துக்கு இடம் தருவதால் முகங்களுக்கு மூளை காட்டும் எதிர்வினை குறைவதில்லை என்பதையும் காட்டியது.

ஆனால் பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. பயிற்சியால் துல்லியம் நன்றாகக் கூடும். வேகம் அவ்வளவு எளிதில் கூடாது. டிஸ்லெக்சியா உள்ளவர்களில் முன்னேறியவர்களின் மூளை பெரும்பாலும் மாற்றுவழி ஒன்றை அமைத்துக்கொள்கிறது. 2011இல் ஃபுமிகோ ஹோஃப்ட் குழுவினர், டிஸ்லெக்சியா பிள்ளைகளில் யார் இரண்டரை ஆண்டில் முன்னேறுவார்கள் என்பதை, வலப்பக்க முன் மடலின் செயல்பாடும் வலப்பக்க இழைகளின் அமைப்பும் முன்கூட்டியே காட்டியதைக் கண்டார்கள். அந்த மாற்றுவழி நன்றாகச் செயல்படும். சற்று நேரம் எடுக்கும். அதனால்தான் தேர்வில் கூடுதல் நேரம் கேட்பது சலுகை அல்ல, உரிமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று.

ஐயனார்_கோவில்_தெரு எழுதியது:

எழுத்துப் பழகாத பிள்ளைகளின் ஆய்வு என் முதல் கேள்விக்கு விடை தந்துவிட்டது, நன்றி. ஆனால் பொருள் புரியாத பிள்ளைகளின் முன் மடல் வேறுபாட்டுக்கு அப்படிப் பள்ளிக்கு முந்திய சான்று எதுவும் இங்கே வைக்கப்படவில்லை. அங்கே சொல்வளமும் அனுபவமும் குறைந்ததே மூளை வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கலாம் அல்லவா?

நரம்பிழை எழுதியது:

இருக்கலாம், அந்த வேறுபாட்டை நான் காரணம் என்று சொல்ல மாட்டேன். புரிதல் என்பது எழுத்துக்கூட்டுவதைப் போல ஒரே திறன் அல்ல. சொல்லின் பொருள், வாக்கிய அமைப்பு, சொல்லாததை ஊகிப்பது, உலக அறிவு என்று பலவும் அதில் சேருகின்றன. மூளையிலும் அது பொட்டு மடலின் முன்முனையிலிருந்து நெற்றியின் நடுப்பகுதி வரை பரந்து கிடக்கிறது. 1988இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் 64 பிள்ளைகளுக்கு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தி கொடுக்கப்பட்டது. ஆட்டத்தை நன்கறிந்த, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரியாத, வாசிப்பில் சிறந்த பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அறிந்ததன்மேல்தான் புரிதல் நிற்கிறது. எனவே, இந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை கற்பித்தலின் பங்கு மிகப் பெரியது.

வகுப்பறை_ஜன்னல் எழுதியது:

நாநுனி அவர்கள் சொன்னபடியே செய்து பார்த்தேன். பையன் விஷயத்தில் எதிர்பார்த்ததே நடந்தது: வாசித்துக் காட்டினால் எல்லாம் புரிகிறது.

அந்தப் பெண்ணிடம், அதே போன்ற புதிய வரிகளைப் பாடநூல் நடையில் வாசித்துக் காட்டிக் கேட்டேன். முன்பு போலவே வரியைத் திருப்பிச் சொன்னாள். பேச்சுத் தமிழில் சொல்லிக் கேட்டதும், "மழ வரப்போவுதுல்ல, துணியெல்லாம் நனஞ்சிரும்" என்று உடனே பதில் வந்தது. ஆனால் சமூக அறிவியலில் 'வணிகம்', 'ஆட்சியாளர்', 'வரி விதித்தல்' எல்லாம் வரும் பத்தியைப் பேச்சுத் தமிழில் சொன்னபோதும் அவள் தடுமாறினாள். 'வரி' என்றால் நோட்டில் போடும் கோடு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கும்வரை யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அவளைச் சிறப்பு வகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் என்ன செய்வது?

நாநுனி எழுதியது:

நீங்கள் கண்டுபிடித்தது மிகவும் பயனுள்ளது. ஊகிக்கும் திறன் அவளிடம் இருக்கிறது. நூல்மொழியும் சொல்வளமும்தான் குறைவு. இதற்கு நல்ல சான்றுள்ள வழி ஒன்று உண்டு. 2010இல் இங்கிலாந்தின் பவுலா கிளார்க், மார்கரெட் ஸ்னோலிங், சார்லஸ் ஹியூம் குழுவினர், 8, 9 வயதுள்ள இத்தகைய பிள்ளைகளுக்கு 20 வாரம் மூன்று வகைப் பயிற்சிகளைத் தந்து பார்த்தார்கள்: வாசகத்தை வைத்துப் பயிற்சி, பேச்சுமொழியை வைத்துப் பயிற்சி, இரண்டும் கலந்தது. மூன்றும் பலன் தந்தன. ஆனால் பயிற்சி நின்று 11 மாதம் கழித்துச் சோதித்தபோது, பேச்சுமொழிப் பயிற்சி பெற்றவர்களே அதிகம் முன்னேறியிருந்தார்கள். பாடநூலை மூடிவைத்துவிட்டு, சொற்களையும் கதைகளையும் பேசிப் பழகியவர்கள் அவர்கள்.

அந்த நேரத்தில் நீங்கள் அவளுக்கு ஒரு பத்தியை வாசித்துக் காட்டுங்கள். அதில் இரண்டு மூன்று சொற்களை மட்டும் எடுத்து, அவள் வீட்டுப் பேச்சில் விளக்கச் சொல்லுங்கள். 'வரி' போன்ற பல பொருள் தரும் சொல் என்றால் அத்தனை பொருளிலும் வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள், ஏன் அப்படி நினைக்கிறாய் என்றும் கேளுங்கள். கடைசியில் அவளே அந்தக் கதையை நூல்நடையில் திருப்பிச் சொல்லட்டும். எழுத வைக்க வேண்டாம். அது பிறகு வரட்டும்.

அவளுடைய காது கேட்கும் திறனையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள், சிறு வயதில் காதில் அடிக்கடி சீழ் வந்ததா என்று வீட்டில் கேளுங்கள். பையனுக்கு வாசிப்புப் பயிற்சி நடக்கும் காலத்தில், பாடங்களை யாராவது வாசித்துக் காட்டும் ஏற்பாட்டை நிறுத்திவிடாதீர்கள். வாசிக்க முடியாத பிள்ளை வாசிப்பிலிருந்து கிடைக்கும் சொற்களை இழந்துகொண்டே போகிறது. சில ஆண்டுகளில் அவனுக்கும் சொல்வளம் குறைந்து, இரண்டு தடைகளும் ஒன்றுசேர்ந்துவிடும். சென்னையில் இருப்பவர்கள் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தை அணுகலாம். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் பேச்சு–மொழிச் சிகிச்சையாளர் உள்ள அரசு மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள். மல்லிப்பந்தல் அம்மா, உங்கள் மகன் வாசிப்பதை ஐந்து நிமிடம் ஒலிப்பதிவு செய்து, எந்தக் குறியில் நிற்கிறான் என்று குறித்து இங்கே எழுதுங்கள்; எங்கிருந்து தொடங்கலாம் என்று பார்ப்போம்.